பிலாத்துவின் சவுக்காரம்

இனிமேல் இந்த வீட்டில் ஒருவருக்காகவும் சவுக்காரம் போட்டுக் கை கழுவுவதில்லை என்று என் அறுபத்து மூன்றாவது வயதில் நான் ஒரு சபதம் எடுத்தேன்.

சின்னச் சபதம்தான். ஆனால் கல்யாணம் முடித்த பிறகு நானாக எடுத்த முதல் சபதம் அது. இந்த முப்பத்தாறு வருசத்தில் மற்றதெல்லாம் என் மனுசி பெற்றிசியா எடுத்தவை. நான் தலையாட்டியவை.

ஊரின் பெயரைச் சொல்ல மாட்டேன். மன்னார்த் தீவில் ஒரு கரை என்று வைத்துக்கொள்ளுங்கள். கோயில் இருக்கிறது. கடல் இருக்கிறது. றோட்டில் மனிசரைவிடக் கழுதைகள் கூட. அவ்வளவு போதும். பெயரைச் சொன்னால் நீங்கள் தேடி வருவீர்கள். வந்தால் பெற்றிசியா உங்களையும் நேரே கை கழுவுகிற பேசினடிக்குத்தான் கூட்டிக்கொண்டு போவாள்.

சபதத்துக்குக் காரணம் என் பேரன்.

மகள் கிருஷிகாவுக்குத் தை மாதம் பிள்ளை பிறந்தது. அவசரக்காரன். ஒரு மாதம் முந்தியே வந்துவிட்டான். நிறை ஒரு கிலோ தொள்ளாயிரம். நான் பிடித்த பாரை மீன்களில் அரைவாசி அவனைவிடப் பாரம். ஆஸ்பத்திரியில் பத்து நாள் வைத்திருந்துவிட்டு வீட்டுக்கு விட்டார்கள். அவனுக்குப் பின்னாலேயே ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள் மிட்வைஃப் பிள்ளை வேணுஜா. இலுப்பைக்கடவைப் பக்கத்துப் பிள்ளை. ஆள் ஈர்க்கில். குரல் மட்டும் கோயில் மணி.

வந்தவள் ஒரு பெரிய படத்தை எடுத்துக் கை கழுவுகிற பேசினுக்கு மேலே ஒட்டினாள். ஏழு கட்டம். ஒவ்வொரு கட்டத்திலும் இரண்டு கை.

“ஐயா, குறைமாசப் பிள்ளை. கிருமி தாங்காது. ஆரெண்டாலும் தூக்க முதல் இந்த ஏழு படியும் செய்யவேணும். சவுக்காரம் போட்டு, இருபது செக்கன்.”

“பிள்ளை, இது நாப்பத்தைஞ்சு வருசம் கடல் கழுவின கை. உப்பில ஊறினது. உப்புப் போட்ட கருவாட்டில புழு வைக்குதோ?”

“நீங்கள் கருவாடெண்டால் நான் ஒண்டும் சொல்ல வரேல்லை ஐயா.”

பெற்றிசியா சிரித்தாள். கிருஷிகா சிரித்தாள். மருமகன் றெனால்ட் மாமனாருக்கு மரியாதை கொடுத்து மற்றப் பக்கம் திரும்பி நின்று சிரித்தான்.

“சின்னப் பிள்ளையளுக்கு வயித்தோட்டம் வாறதே பெரியாக்களின்ர கையாலதான்” என்றாள் வேணுஜா, விடைபெறுகிற நேரத்தில்.

அது கேட்டதும் எனக்கு இரண்டு காதும் அடைத்தது. ஏன் என்று பிறகு சொல்கிறேன். அந்த இடத்தில்தான் சபதம் எடுத்தேன். சவுக்காரம் தொடுவதில்லை. அந்தப் படத்தை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை.

சபதத்தைப் பெற்றிசியாவுக்கு அறிவித்தேன். அவள் நிலம் கூட்டிக்கொண்டிருந்தாள். என் காலில் ஒட்டி வந்த கடற்கரை மண்ணைத்தான். அது அவளுக்கு முப்பத்தாறு வருச வழக்கு.

“அப்ப பொடியனைத் தூக்கேலாது” என்றாள்.

“என்ர பேரன்.”

“என்ர பேரனும்தான். நான் கழுவுறன்.”

“கிருமி கண்ணுக்குத் தெரியுதோ?”

“பரிசுத்த ஆவி கண்ணுக்குத் தெரியிறாரோ? அவரை நம்புறியள்தானே?”

இதற்கு மறுமொழி சொன்னால் நான் கோயிலுக்கு வெளியே. சொல்லாவிட்டால் பேசினுக்கு முன்னே.

“பக்கத்து வீட்டுச் சாஹுல் நானாவைப் பாருங்கோ. தொழப் போக முதல் ஒவ்வொரு நேரமும் கை, வாய், முகம், கால் எல்லாம் கழுவுறார். ஒரு நாளைக்கு ஐஞ்சு தரம். அந்த மனுசன்ர கால் உங்கட முகத்திலும் பாக்க வெளிச்சம்.”

சாஹுல் ஹமீட் மீன் ஏற்றிப் போகிற வியாபாரி. என் முப்பது வருசக் கூட்டாளி. அன்று அவரும் எனக்கு எதிரியானார், அவருக்கே தெரியாமல்.

ஆனால் சபதம் ஒரு பக்கம், பேரன் ஒரு பக்கம். இரண்டையும் வைத்திருக்க ஒரு வழி கண்டுபிடித்தேன். பேசினடிக்குப் போவேன். பைப்பைத் திறப்பேன். தண்ணீர் சத்தமாக ஓடும். அந்தப் படத்தைப் பாராமல் முகட்டைப் பார்த்துக்கொண்டு இருபது வரை எண்ணுவேன். பைப்பைப் பூட்டுவேன். கையை உதறிக்கொண்டு வருவேன். கிருஷிகா பிள்ளையைத் தருவாள்.

நாலு நாள். அந்த நாலு நாளும் நான் ராசா. பிள்ளைக்குப் பாரமே இல்லை. சுருட்டிய துவாய்த் துண்டு ஒன்று மூச்சு விடுகிற மாதிரி. என் சுண்டுவிரலைப் பிடிப்பான். பிடித்தால் விடமாட்டான். எத்தனையோ சுறா இழுத்த கை இது. இந்த நெத்தலி பிடித்ததும் அசைய முடியவில்லை.

ஐந்தாம் நாள் பேசினடியில் இருந்து குரல் வந்தது.

“இஞ்சாருங்கோ. இஞ்ச ஒருக்கா வாங்கோ.”

போனேன்.

“இதென்ன?”

“சவுக்காரம்.”

“மேல என்ன?”

“சிலுவை மாதிரிக் கிடக்குது.”

“சிலுவைதான். திங்கக்கிழமை நான் நகத்தால கீறினனான். இது உங்களுக்கெண்டு வைச்ச சவுக்காரம். இண்டைக்கு வெள்ளி. அழிஞ்சிருக்கோ?”

கூராக இருந்தது. பீடத்துச் சிலுவையைவிடக் கூராக இருந்தது.

“சிலுவையை அழிக்கிறது பாவமெல்லோ, பெற்றி” என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. அன்றைக்கே இரண்டாவது திட்டத்துக்குப் போனேன். சவுக்காரம் தேயவேண்டும், அவ்வளவுதானே? அடுத்த நாள் விடியவே அதை ஒரு சுண்டுப் பேணித் தண்ணீருக்குள் போட்டு வேலிக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். சிலுவை அழிந்ததும் எடுத்து வைக்கிற எண்ணம். வலை பொத்துகிற வேலையில் மறந்துபோனேன். மத்தியானம் போய்ப் பார்த்தால் சவுக்காரமே இல்லை. களி இருந்தது.

பெற்றிசியா சுண்டைப் பார்த்தாள். என் கையை இழுத்து மணந்தாள்.

“ஒரு காலமையில முழுச் சவுக்காரம் முடிச்ச கை. ஏனப்பா சூடை மீன் மணக்குது?”

தீர்ப்பு வந்துவிட்டது. பொடியனைத் தொடக்கூடாது. நுளம்பு வலைக்கு வெளியே நின்று, யன்னலால் பார்க்கலாம்.

பார்த்தேன். மூன்று கிழமை பார்த்தேன். பிள்ளை அழும். என் கை தானாக நீளும். “அப்பா...” என்பாள் கிருஷிகா. அவ்வளவுதான். கை திரும்பி வந்துவிடும். அவன் இரண்டு கிலோ ஆனான். எனக்குத் தெரியாது, சொல்லித்தான் தெரியும். இரண்டரை ஆனான். அதுவும் சொல்லித்தான். சொந்தப் பேரனின் பாரத்தை வானிலை அறிக்கை மாதிரிக் கேட்டுக்கொண்டிருந்தேன். சாப்பாடு இறங்கவில்லை. கடல் பிடிக்கவில்லை. ஒரு துண்டுச் சவுக்காரம் போட்டால் முடிகிற காரியம் என்று நீங்கள் சொல்வீர்கள். எனக்கும் தெரியும். ஆனால் கை போகவில்லை.

இப்படி நான் கரைந்துகொண்டிருந்த நேரத்தில்தான் செல்வநாயகம் மாஸ்டர் படலையைத் திறந்துகொண்டு வந்தார்.

எங்கள் ஊரில் ஈஸ்டருக்கு முந்திய தபசு காலம் வந்தால் பாஸ்கு போடுவோம். இயேசுவின் பாடுகளை மேடையில் பாட்டும் பேச்சுமாகக் காட்டுகிற நாடகம். கோயில் வளவில் மேடை. குருத்து ஞாயிறுக்கு முதல் நாள், பின்னேரம் நாலு மணிக்குத் தொடங்கும். மாஸ்டர்தான் அண்ணாவியார், பழக்குகிறவர். முப்பது வருசமாக அந்தப் பாஸ்குவில் எனக்கும் பங்கு உண்டு. நான் திரை இழுக்கிறவன். ஒரே ஒரு வருசம் கூட்டத்தில் நிற்கவிட்டார்கள். “சிலுவையில் அறையும்!” என்று கத்தினேன். அடுத்த வருசம் திரும்பவும் திரைக்கு விட்டார்கள்.

“டொமினிக், இந்த வருசம் பிலாத்து நீ” என்றார் மாஸ்டர்.

வலை ஊசி கையிலிருந்து விழுந்தது.

“மாஸ்டர்... திரை?”

“திரையை ஆரும் இழுப்பினம். உன்ர குரல் வேணும்.”

நான் பெற்றிசியாவைப் பார்த்தேன். இதற்கு அவள் ஒத்துக்கொள்ள மாட்டாள். நாற்பது நாள் ஒத்திகை. வீட்டில் வேலை இருக்கிறது.

அவள் வெங்காயம் உரித்தபடி, “செய்யுங்கோவன். நல்ல வேசம்” என்றாள்.

முப்பத்தாறு வருசத்தில் அவள் இவ்வளவு கெதியாக ஓம் சொன்னதில்லை. அப்போதே எனக்கு மணந்திருக்கவேண்டும். ஆனால் என் மூக்கு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

வேசம் எனக்கு நல்லாய்ப் பிடித்துக்கொண்டது. ஒரு காரணமும் இருந்தது. இயேசுவுக்குத் தீர்ப்புச் சொல்கிற நேரத்தில் உறோமை ஆளுநன் பிலாத்துவுக்கு அவன் மனுசி சேவகனிடம் புத்தி சொல்லி அனுப்புவாள். அந்த நீதிமானோடு சோலிக்குப் போகாதே என்று. பிலாத்து கேட்கமாட்டான்.

“பாத்தியோ பெற்றி. வேதத்திலேயே மனுசி சொல்லுக் கேக்காத ஆம்பிளை.”

“ஓம். ரெண்டாயிரம் வருசமா ஞாயிறுக்கு ஞாயிறு விசுவாசப் பிரமாணத்தில சனம் அவன்ர பேரைச் சொல்லித் தூத்துது. அண்டைக்கு அவன் மனுசி சொல்லுக் கேட்டிருந்தால் அவன்ர பேர் ஒருத்தருக்கும் தெரிஞ்சிராது. நிம்மதியாச் செத்திருப்பான்.”

நான் அதைக் காதில் போடவில்லை. பிலாத்துவும் போடவில்லை.

ஒத்திகை தொடங்கியது. எங்கள் வேலிக்கு அடுத்த வளவுதான் கோயில். பிலாத்துவின் பெரிய கட்டம், இயேசுவைச் சனத்திடம் கொடுத்துவிட்டு ‘இந்தப் பழி என்மேல் இல்லை’ என்று கை கழுவுகிற கட்டம். மற்ற வருசங்களில் தாம்பாளத்தில் விரலை நனைத்து உதறுவார்கள், முடிந்தது. இந்த வருசம் மாஸ்டர் ஒரு புதுப் பாட்டுக் கட்டியிருந்தார். தாம்பாளத்துக்குப் பக்கத்தில் ஒரு சவுக்காரமும் இருந்தது.

“மாஸ்டர், பிலாத்துவின்ர காலத்தில சவுக்காரம் இருந்ததோ?”

“உறோமாபுரி எவ்வளவு பெரிய இடம். அங்க இல்லாத சாமானோ? நுரை வேணும் டொமினிக். நுரை பொங்கவேணும். பின்னுக்கு இருக்கிற சனத்துக்குத் தெரியவேண்டாமோ?”

ஒரு நிமிசம் யோசித்தேன். என் சபதம் ‘இந்த வீட்டில்’ என்பது. இது கோயில் வளவு. கழுவுவதும் டொமினிக் இல்லை, போஞ்சு பிலாத்து. சபதத்துக்கு ஒரு கீறலும் இல்லை. கழுவினேன்.

பாட்டு என்றால் பாட்டு. முகாரியில் இழுத்து ஏழு அடி. மாஸ்டர் பாடக் கேட்டுக் காதாலேயே பாடமாக்கினேன்.

*உள்ளங்கை இரண்டும் சேர்த்து உரைத்தேன் ஐயோ – இந்த
உத்தமன் இரத்தம் என்மேல் வேண்டாம் ஐயோ
புறங்கைமேல் கையை வைத்துத் தேய்த்தேன் ஐயோ – இந்தப்
புண்ணியன் பழியை நானும் ஏற்கேன் ஐயோ*

இப்படிப் போகும். விரலுக்குள் விரலைக் கோர்ப்பான். விரல்களை மடக்கி உரசுவான். பிறகு:

*பெருவிரல் பிடித்து நன்றாய்ச் சுழற்றி நின்றேன் – அந்தப்
பெரும்பிழை போகவில்லை பிலாத்து என்றேன்
நகக்கண்ணில் ஒட்டி நிற்கும் கறையும் போமோ – என்
மணிக்கட்டு மட்டும் வந்த பழியும் போமோ*

நகக்கண்ணைப் பற்றி எந்தப் புலவன் இதுவரை பாடியிருக்கிறான்? நான் மாஸ்டரின் கையைப் பிடித்து, “மாஸ்டர், இது உங்களுக்கு எங்கயிருந்து வந்தது?” என்று கேட்டேன். அவர் என் முகத்தைப் பாராமல், “வந்தது” என்றார். பெரிய கலைஞர்களுக்கு அடக்கம் அதிகம் என்று நினைத்தேன்.

ஒவ்வொரு பின்னேரமும் ஏழு அடியும் பாடி ஏழு அடிக்கும் கழுவுவேன். கடைசியில் சேவகனாக நிற்கிற என் மருமகன் றெனால்ட், வெளுத்த துவாய் ஒன்றை நீட்டுவான். துடைப்பேன். அந்த நேரம் பார்த்து வேலிக்கரையில் கிருஷிகா நிற்பாள்.

“அப்பா, ஒருக்காப் பொடியனைப் பிடியுங்கோவன். கொடியில துணி எடுக்கவேணும்.”

முதல் நாள் நான் பெற்றிசியாவைத் திரும்பிப் பார்த்தேன். அவள் வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள். பேசினடிக்குப் போ என்று சொல்லவில்லை. சவுக்காரம் எங்கே என்று கேட்கவில்லை. நான் பிள்ளையை வாங்கினேன். மூன்று கிலோ! சொல்லக் கேட்டதில்லை, என் கையே சொன்னது. அவன் சுண்டுவிரலைத் தேடிப் பிடித்தான். மறக்கவில்லை கள்ளன்.

அடுத்த நாளும் அப்படி. அதற்கடுத்த நாளும். கிருஷிகா கொடியில் அவ்வளவு துணி எங்கிருந்து காயப்போட்டாளோ தெரியாது. நான் பெற்றிசியாவை வென்றுவிட்டேன் என்று எனக்கு விளங்கியது. என் வேசத்தைக் கண்டு பயந்துவிட்டாள். கடற்கரைக்குப் போய்க் கழுதைகளுக்கு முன்னால் நெஞ்சை நிமிர்த்திப் பாடிப் பழகினேன். ஒன்றும் எழும்பிப் போகவில்லை.

பாஸ்குவுக்கு ஒரு கிழமைக்கு முன்னால் சாஹுல் நானா பிள்ளையைப் பார்க்க வந்தார். அவருக்குச் சொல்லத் தேவையில்லை. நேரே பேசினடிக்குப் போனார். நான் விறாந்தைக் கதிரையில் இருந்தபடி என் வெற்றியை எடுத்துவிட்டேன்.

“நானா, உங்களுக்கு ஒரு விசயம் தெரியுமோ? நான் இப்ப கழுவாமத்தான் பேரனைத் தூக்குறன். பெற்றிசியா வாய் திறக்கிறாளில்லை.”

“அப்பிடியோ தம்பி? எப்பிடி?”

“ஆளுமை. இஞ்ச கேளுங்கோ என்ர பாட்டை.”

கண்ணை மூடி முகாரியைத் தொடங்கினேன். உள்ளங்கை. புறங்கை. விரல் கோர்த்தேன். பேசினடியில் தண்ணீர்ச் சத்தம். பெருவிரலுக்கு வந்தபோது அங்கிருந்து ஒரு சிரிப்புக் கேட்டது. நகக்கண்ணில் அது வெடித்துவிட்டது. சாஹுல் நானா முழங்கை வரை நுரையோடு வாசலில் வந்து நின்றார்.

“டேய் தம்பி! நீ பாடுறாய், நான் அந்தப் படத்தைப் பாத்துக் கழுவுறன். ரெண்டும் ஒண்டாப் போகுதடா! நீ பெருவிரல் எண்டால் அங்கயும் பெருவிரல். நீ நகம் எண்டால் அங்கயும் நகம்!”

நான் எழும்பினேன். பேசினடிக்குப் போனேன். இரண்டு மாதத்தில் முதல்தரம் அந்தப் படத்தை நிமிர்ந்து பார்த்தேன்.

ஏழு கட்டம். ஏழு அடி. ஒன்றும் குறையவில்லை. மணிக்கட்டும் இருந்தது.

நேரே மாஸ்டர் வீட்டுக்குப் போனேன். அவர் கதிரையில் இருந்து எழும்பவும் இல்லை, மறைக்கவும் இல்லை.

“நான் மெட்டு மட்டும்தான் போட்டனான் டொமினிக். சொல்லெல்லாம் பெற்றிசியாவும் அந்த மிட்வைஃப் பிள்ளையும். மணிக்கட்டு வரி உன்ர மனுசி தனியா எழுதினது. நல்லா வந்திருக்குது, என்ன?”

“அப்ப என்ர குரலுக்காக என்னை எடுக்கேல்லையோ?”

மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நல்ல மனுசன். பொய் சொல்லத் தெரியாத மனுசன்.

“உன்ர குரலுக்கெண்டால் திரைதான் டொமினிக்” என்றார்.

வீட்டுக்கு வருகிற வழியில் ஒரு கழுதை என்னைப் பார்த்தது. நான் தலையைக் குனிந்துகொண்டு போனேன். முப்பது வருசம் காத்திருந்து கிடைத்த வேசம். அது வேசமும் இல்லை. பேசினுக்கு ஒரு மேடை கட்டி, அதில் என்னை ஏற்றிவிட்டிருக்கிறாள். ஒரு மாதமாக ஊரே பார்க்க நான் கை கழுவியிருக்கிறேன்.

அன்றைக்கு இரண்டாவது சபதம் எடுத்தேன். பாஸ்குவுக்கு முதல் நாள் எல்லாரும் உடுப்புப் போட்டு ஊருக்கு முன்னால் ஒத்திகை பார்ப்போம். அங்கே, அத்தனை சனத்துக்கும் முன்னால், பிலாத்து கை கழுவமாட்டான்.

அந்த வெள்ளிக்கிழமை வந்தது. பின்னேர வெயில். கோயில் வளவு மணலில் ஊர் முழுதும் பாய் விரித்து இருந்தது. முன்வரிசையில் பெற்றிசியா, மடியில் பேரன். பின்னால் மதிலில் சாய்ந்து வேணுஜா. பெற்றிசியாவின் பழைய சிவப்புச் சீலைதான் என் போர்வை. அதைத் தோளில் எறிந்துகொண்டு மேடைக்கு வந்தேன். பேசினேன். கூட்டம் கத்தியது. மனுசியின் செய்தியோடு றெனால்ட் வந்தான். கேட்கவில்லை, அனுப்பினேன். தாம்பாளம் வந்தது. சவுக்காரம் வந்தது.

தாம்பாளத்தைத் தள்ளிவிட்டேன்.

“நான் கழுவமாட்டேன்!”

முன்வரிசைச் சனம் மேடையை எட்டிப் பார்த்தது.

“டொமினிக், கழுவு” என்று திரைக்குப் பின்னால் இருந்து மாஸ்டர்.

“பிலாத்து கழுவமாட்டான்! இந்த நீதிமானை நான் விடுதலை செய்கிறேன்! நீர் போகலாம்!”

இயேசுவாக நின்றவர் தபால் கந்தோரில் வேலை. மூன்று மாதம் தாடி வளர்த்தவர். நீர் போகலாம் என்றதும் அவர் முகம் வாடிப்போனது. “மாமா, என்னை என்ன செய்யச் சொல்லுறியள்?” என்று வாய்க்குள்ளே கேட்டார். சேவகர் ஈட்டியைக் கீழே வைத்துவிட்டார்கள்.

அப்போது றெனால்ட் திரும்பவும் மேடைக்கு ஏறினான். வேதத்தில் அந்தச் சேவகன் ஒருதரம்தான் வருவான்.

“பிரபுவே... உமது மனைவியார் இன்னொரு செய்தி அனுப்பியிருக்கிறார்.”

“என்ன செய்தி?”

றெனால்ட் மேடைத் தமிழை விட்டான். “கழுவாட்டில் பொடியனை இனி அவன் பள்ளிக்கூடம் போகேக்கதான் பாக்கலாமாம், மாமா. அதுவும் யன்னலாலயாம்.”

மணலில் யாரோ ஒரு பொம்பிளை சிரித்தாள். அடுத்து, “கழுவுங்கோவன்!” என்றது ஒரு குரல். பிறகு இரண்டு. பிறகு பாயில் இருந்த சனம் முழுதும் எழும்பிவிட்டது.

“கழுவு! கழுவு! கழுவு!”

‘சிலுவையில் அறையும்’ என்று கத்தப் பழகிய கூட்டமும் சேர்ந்துகொண்டது. சேவகரும் கத்தினார்கள். இயேசுவும் கத்தினார் என்று நினைக்கிறேன், ஆனால் சத்தியம் செய்யமாட்டேன்.

பெற்றிசியா மட்டும் கத்தவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் மடியில் இருந்து ஒரு சின்னக் கை வெளியே நீண்டு, எதையோ தேடிக்கொண்டிருந்தது. என் சுண்டுவிரலைத்தான்.

வேதத்தில் பிலாத்து சனத்துக்குப் பயந்துதான் கழுவினான். நானும் வேதத்தை மாற்ற ஆர்?

சவுக்காரத்தை எடுத்தேன். முகாரியைத் தொடங்கினேன். இரண்டாம் அடியில்தான் கவனித்தேன், ஊர் முழுதும் என்னோடு சேர்ந்து பாடுகிறது. பாடுவது மட்டுமா? பாயில் இருந்த சின்னன் பெரிசு எல்லாம் வெறுங்கையை உரசுகிறது. புறங்கை என்றால் புறங்கை. நகக்கண் என்றால் நகக்கண். நாற்பது நாள் வேலியால் எட்டிப் பார்த்தே பாடமாக்கியிருக்கிறார்கள். பின்னால் மதிலடியில் வேணுஜா ஒரு கொப்பியில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஒரே நாளில் முழு ஊருக்கும் கை கழுவப் பழக்கி முடிந்தது.

ஒத்திகை முடிந்து வேலிக்கரைக்கு வந்தேன். கிருஷிகாவுக்கு இன்றைக்கு எடுக்கத் துணி இல்லை. பெற்றிசியாவே பிள்ளையைக் கொண்டுவந்து தந்தாள்.

“நேராச் சொல்லியிருக்கலாமே, பெற்றி” என்றேன். “ஊருக்கு முன்னால வைச்சு...”

“நேராச் சொன்னால் நீங்கள் மூத்தவனை நினைப்பியள்.”

நான் பிள்ளையின் துவாயை இழுத்துச் சரிசெய்தேன்.

எங்கள் மூத்தவன் சண்டைக் காலத்தில், மடு அகதி முகாமில், தறப்பாள் கூடாரத்துக்குக் கீழே செத்துப்போனான். ஐந்து மாதப் பிள்ளை. வயிற்றோட்டம். கடைசி மட்டும் என் கையில்தான் இருந்தான். நான்தான் சீனித்தண்ணி கரைத்து விரலால் தொட்டு வாயில் வைத்துக்கொண்டிருந்தேன். வேணுஜா பெரியாக்களின் கை என்று சொன்ன நேரம் எனக்குக் காது அடைத்தது அதற்குத்தான். இப்போது கழுவினால், அப்போது கழுவாத கை என்று நானே ஒத்துக்கொண்ட மாதிரி. இதை நான் ஒருவருக்கும் சொன்னதில்லை. அவளுக்கும் சொன்னதில்லை.

“அண்டைக்குக் கழுவத் தண்ணியும் இல்லை, சொல்லித்தர ஆளும் இல்லை” என்றாள் பெற்றிசியா. “அது உங்கட கையின்ர பிழை இல்லை. சொன்னால் கேக்கமாட்டியள், அழுவியள். அதான் சுத்தி வந்தனான்.”

பிள்ளை என் விரலைப் பிடித்திருந்தான். கையில் சூடை மீன் மணமே இல்லை.

“மணிக்கட்டு வரி நல்லாயிருக்குது” என்றேன். வேறு என்ன சொல்ல?

அடுத்த நாள் பாஸ்கு குறையில்லாமல் நடந்தது. ஏழு அடியும் பாடிக் கழுவினேன். சனம் அழுதது. எனக்கும் கண்ணில் தண்ணீர் வந்தது. சவுக்காரம் பட்டது என்று சொல்லிவைத்தேன். எப்படியோ எல்லாம் முடிந்தது, இனி மிச்சக் காலத்தை நிம்மதியாக ஓட்டலாம் என்று நினைத்தேன்.

மறுநாள் குருத்து ஞாயிறு. பூசை முடியக் கோயில் சுவாமியார் ஒரு அறிவித்தல் வாசித்தார். வருகிற பெரிய வியாழன், பீடத்துக்கு முன்னால் கதிரையில் இருத்தி, இயேசு சீடருக்குக் கழுவின மாதிரி அவர் கால் கழுவப்போகிற பன்னிரண்டு ஆம்பிளைகளின் பெயர். வருபவர்கள் வீட்டிலேயே சவுக்காரம் போட்டுக் காலை நல்லாய்க் கழுவிக்கொண்டு வரவேண்டும் என்று எல்லா வருசமும் சொல்வார். முதலாவது பெயரே டொமினிக்.

நான் ஒருவரிடமும் பெயர் கொடுக்கவில்லை. மெல்லப் பொம்பிளையள் பக்கம் திரும்பிப் பார்த்தேன். பெற்றிசியா குருத்தோலையைப் பிடித்தபடி பீடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள், மாதா சுரூபம் மாதிரி.

வெளியே வந்ததும் கேட்டேன். “இதுவும் நீயோ?”

அவள் குனிந்து, மணல் அப்பிக் கிடந்த என் காலை ஒருக்கா மேலும் கீழும் பார்த்தாள்.

“பொடியன் இன்னும் நாலைஞ்சு மாசத்தில தவழத் துவங்குவான். கை முடிஞ்சுது. இனிக் கால்.”